வலிக்கு ஒரு பேர்

தொண்ணூற்றாறாம் வருஷம் அக்டோபர் மாதம், மதுரையில் ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள், பரிபூரணம் ராஜபாளையத்தில் தன் வீட்டு வாசலில் வந்து இறங்கினாள். வாடகைக்கு எடுத்த அம்பாசிடர் கார் தெருமுனையில் திரும்பும்போதே ஆறேழு பெண்கள் கூடிவிட்டார்கள். தூக்கித்தான் இறக்க வேண்டியிருக்கும் என்று எதிர்வீட்டு நூர்பானு சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு தயாராக நின்றாள். பரிபூரணம் தானே கதவைத் திறந்து காலைக் கீழே வைத்தாள். ஒரு கையால் அடிவயிற்றைத் தாங்கிக்கொண்டு, கொஞ்சம் குனிந்தமேனிக்கு, நடந்தே வீட்டுக்குள் போனாள்.

வந்தவர்கள் யாரும் கலையவில்லை. அந்தத் தெருவில் ஏற்கெனவே இரண்டு பேர் கர்ப்பப்பை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். தொப்புளுக்குக் கீழே ஒரு சாண் தையலோடு பத்துப் பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்தவர்கள். இவள் மூன்றாம் நாளே நடந்து வந்தால் எப்படி? பரிபூரணம் கட்டிலில் சாய்ந்துகொண்டு சேலையை விலக்கிக் காட்டினாள். தொப்புளில் ஒரு பிளாஸ்திரி, இடுப்பெலும்புக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஒவ்வொன்றும் கட்டைவிரல் அகலம் இருக்கும்.

"இம்புட்டுதானாக்கா?" என்றாள் நூர்பானு.

பரிபூரணத்துக்கே அது நம்புகிற மாதிரி இல்லை. பத்து வருஷமாகச் சத்திரப்பட்டிப் பக்கம் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் துணி சுற்றுகிற வேலை அவளுக்கு. ஒரு நாளில் அவள் கை வழியாகப் போகிற பேண்டேஜை விரித்துப் போட்டால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வரும் என்று கம்பெனியில் பேசிக்கொள்வார்கள். அவ்வளவும் யார் யார் காயத்துக்கோ போகும். ஆபரேஷன் என்றதும் வயிற்றைச் சுற்றிச் சுற்றிக் கட்டியிருப்பார்கள் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டு படுத்தாள். பத்து வரைக்கும் எண்ணச் சொன்னார்கள். நாலு வரை எண்ணியது ஞாபகம் இருக்கிறது. கண் முழித்தபோது ஜன்னலில் சாயங்கால வெயில். தடவிப் பார்த்தால் மூன்று பிளாஸ்திரி. முதலில், ஆபரேஷன் செய்ய முடியாமல் விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது என்று பயந்துபோனாள்.

அவள் பிறந்தது செட்டியார்பட்டியில். பெரியமனுஷியாகி இரண்டு வருஷத்தில் அந்த வலி வந்துவிட்டது. மாதம் மூன்று நாள், யாரோ அடிவயிற்றுக்குள் கையை விட்டுப் பிழிகிற மாதிரி இருக்கும். தொடை மரத்துப்போகும், வாந்தி வரும். எண்பத்தாறில் வைகுண்டராஜுக்கு வாக்கப்பட்டு ராஜபாளையம் வந்தாள். அவர் ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டர், அதிகம் பேசாத மனுஷர். கல்யாணமான முதல் மாதமே அவள் அடுப்படியில் சுருண்டு கிடந்ததைப் பார்த்துவிட்டு அன்றைக்கு வேலைக்குப் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

வருஷம் போகப்போக மூன்று நாள் எட்டு நாளானது. பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் உயிர் போய்த் திரும்பும். வெளிக்குப் போவதற்கே பயமாக இருக்கும். லீவு கேட்டால் கம்பெனி சூப்பர்வைசர், ஊரில் எந்தப் பெண்ணுக்கும் இல்லாத வியாதி உனக்கு மட்டும் மாதாமாதம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பார். நாலைந்து டாக்டர்களிடம் காட்டியாகிவிட்டது. ஊசி போட்டார்கள், சத்து மாத்திரை கொடுத்தார்கள், ஒரு பிள்ளை பிறந்தால் சரியாகிவிடும் என்றார்கள். பிள்ளைதான் வரவில்லை. இருக்கன்குடி கோயிலுக்குப் போய்த் தொட்டில் கட்டிவிட்டு வந்தார்கள்.

மாமியார் தங்கபாய் ஸ்ரீவில்லிபுத்தூரில் தன் தங்கச்சியோடு இருந்தாள். மருமகளை நேருக்கு நேர் ஒரு சொல் சொல்லமாட்டாள். அக்கம்பக்கத்தில் சொல்லுவாள், அது சுற்றிக்கொண்டு வந்து சேரும். நாங்கள் அந்த நாளிலும் வயலில் நின்று நாற்று நட்டவர்கள், இவளுக்கு வருவதுதான் அதிசயமா என்பாள். கேட்டுக் கேட்டுப் பரிபூரணத்துக்கே சந்தேகம் வந்துவிட்டது. எல்லாருக்கும் இதே வலிதான், தாங்குகிற தெம்பு எனக்குத்தான் இல்லையோ என்று நினைக்க ஆரம்பித்திருந்தாள்.

தொண்ணூற்றாறாம் வருஷம் ஆடிமாதம் மாமியார் வீட்டுக்குப் போன இடத்தில் வலி கண்டுவிட்டது. வைகுண்டராஜ் பக்கத்துத் தெருவில் இருந்த ஜெயபாய் என்ற டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனார். அந்த அம்மா ஊசியை எடுக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேள்வி கேட்டார். தீட்டு வருவதற்கு முன்னாடியே வலி ஆரம்பிக்கிறதா, வெளிக்கு இருக்கும்போது வலிக்கிறதா, புருஷனோடு இருக்கும்போது வலிக்கிறதா. இந்தக் கேள்விகளை அதுவரைக்கும் யாரும் அவளிடம் கேட்டதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஆமாம் ஆமாம் என்று சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் அழுதுவிட்டாள். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு அவள் அழுது முடிக்கட்டும் என்று இருந்தார். பொறவு சொன்னார்:

"இது நீயா நெனைச்சுக்கிடுத வலி இல்லம்மா. உள்ள ஏதோ இருக்கு. என்னான்னு பாத்திருவோம்."

ஸ்கேனில் இடது பக்கச் சினைப்பையில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி தெரிந்தது. கர்ப்பப்பைக்கு உள்ளே இருக்க வேண்டிய தசை மாதிரி ஒன்று வெளியிலும் அங்கங்கே முளைத்திருக்கிறது, மாதாமாதம் அதுவும் சேர்ந்து கசிகிறது, கசிகிற ரத்தம் வெளியே போக வழி இல்லாமல் உள்ளேயே கிடக்கிறது என்று டாக்டரம்மா விளக்கினார். மதுரையில் இப்போது வயிற்றைக் கிழிக்காமல், துளை போட்டு, கேமராவை உள்ளே விட்டு எடுக்கிறார்கள் என்று சொல்லி அவரே சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் ஒரு புதுக் கஷ்டம். வயிறு அவ்வளவாக வலிக்கவில்லை. வலது தோள்பட்டை குத்தி எடுத்தது. படுத்தால் குறைந்தது, எழுந்து உட்கார்ந்தால் ஏறியது. வயிற்றில் செய்த ஆபரேஷனுக்குத் தோள் ஏன் வலிக்க வேண்டும்? வைகுண்டராஜ் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டு வந்து, படித்த பாடத்தை ஒப்பிக்கிற மாதிரி சொன்னார். உள்ளே இடம் தெரிய வேண்டும் என்பதற்காக வயிற்றை வாயு விட்டு ஊதி வைத்துத்தான் வேலை பார்ப்பார்களாம். மிச்சமிருக்கிற வாயு மேலே ஏறி நெஞ்சுக்கூட்டுக்கு அடியில் போய் நிற்குமாம். அங்கே இருக்கிற நரம்புக்கும் தோளுக்கும் தொடுப்பு உண்டாம். நாலு நாளில் போய்விடும், வெந்நீர் குடித்துக்கொண்டு மெல்ல நடக்கட்டும் என்றாராம்.

பரிபூரணம் கூரையைப் பார்த்தபடி வெகுநேரம் இதையே நினைத்துக்கொண்டிருந்தாள். முப்பத்திரண்டு வருஷமாக இந்த உடம்போடு இருக்கிறாள். நெஞ்சுக்கூட்டுக்கும் தோளுக்கும் இப்படி ஒரு போக்குவரத்து இருப்பது அவளுக்குத் தெரியாது. இன்னும் உள்ளே என்னவெல்லாம் இருக்கிறதோ.

ஐந்தாம் நாள் தங்கபாய் வந்து சேர்ந்தாள். வந்ததும் வராததுமாக அடுப்பைப் பற்றவைத்துப் பூண்டு ரசம் வைத்தாள். சாப்பாட்டில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் பிளாஸ்திரிகளைப் பார்த்துவிட்டு, "மூணு பொத்தலுக்கு மூணு வாரம் படுக்கையா?" என்று கேட்டாள். ஆறு வாரத்துக்குக் குடம் தூக்கக்கூடாது என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் தெருக்குழாயில் தண்ணீர் வரும். அறுபது வயசில் தங்கபாய்தான் சுமந்தாள். ஒவ்வொரு குடத்தை இறக்கும்போதும் ஒரு பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சைப் பரிபூரணத்தால் படுத்துக்கொண்டு கேட்க முடியவில்லை.

மூன்றாம் முறை தண்ணீர் வந்த அன்று அவளே எழுந்து போய் அரைக்குடம் பிடித்து இடுப்பில் வைத்தாள். வாசல்படி ஏறும்போது தொப்புளுக்குள் சுரீரென்றது. குடத்தை இறக்கிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சேலையில் மிளகளவு ரத்தம். மில்லுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த வைகுண்டராஜ் அதைப் பார்த்தார். அவளைப் பிடித்து உட்கார வைத்து, பஞ்சை வைத்து அழுத்தி, ரத்தம் நின்றதும் புதுப் பிளாஸ்திரி ஒட்டினார். பிறகு பீரோவைத் திறந்து துணிக்கு அடியிலிருந்து ஒரு வீடியோ கேசட்டை எடுத்தார். மதுரையில் டிஸ்சார்ஜ் தாள்களோடு சேர்த்துக் கொடுத்தது. பார்த்தால் அவள் பயந்துவிடுவாள் என்று மறைத்து வைத்திருந்தார்.

"ஆபரேஷன் அம்புட்டும் இதுல இருக்கு. அம்மா, நீயும் வா" என்றார்.

நூர்பானுவின் புருஷன் அகமது கபீர் சவுதியில் இருந்தார். போன வருஷம் வந்தபோது கேசட் போட்டுப் பார்க்கிற டெக்கு கொண்டுவந்திருந்தார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். நூர்பானு தன் வீட்டு ஜன்னலைச் சாத்தி, பரிபூரணத்துக்கு முதுகுக்கு ஒரு தலையணை கொடுத்தாள். வைகுண்டராஜ் கேசட்டைப் போட்டுவிட்டுக் கதவோரம் நின்றுகொண்டார்.

முதலில் கொஞ்சம் இருட்டு. பிறகு திடீரென்று வெளிச்சம் வந்தது. பரிபூரணம் உள்ளே ரத்தமும் இருட்டுமாகத்தான் இருக்கும் என்று எண்ணியிருந்தாள். இது ஒரு பெரிய கூடம் மாதிரி இருந்தது. மேலே வளைந்த கூரை. அதில் மெல்லிய சிவப்புக் கோடுகளாக நரம்பு ஓடியது. மஞ்சள் மஞ்சளாகக் கொழுப்பு. ஈரத்தில் எல்லாமே மினுமினுத்தது. இளஞ்சிவப்பாகக் குடல், தன்பாட்டுக்கு மெதுவாக நெளிந்துகொண்டிருந்தது. அவள் மயங்கிக் கிடந்த நேரத்தில்கூட அது அதன் வேலையைப் பார்த்திருக்கிறது. அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இது நான், இது நான் என்று உள்ளுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

கேமரா கீழே இறங்கியது. நடுவில் பேரிக்காய் மாதிரி ஒன்று வழவழவென்று தெரிந்தது. பேப்பரில் டாக்டர் வரைந்து காட்டியிருந்ததை வைத்து வைகுண்டராஜ் கதவோரமிருந்தே சொன்னார், அதுதான் கர்ப்பப்பை. அதைச் சுற்றித்தான் கோளாறு. வெடிமருந்து தெறித்த மாதிரி கருநீலப் புள்ளிகள், பத்து, இருபது, எண்ண முடியவில்லை. குடலும் கர்ப்பப்பையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. நடுவே வெள்ளைச் சவ்வு விறைத்துக்கொண்டு நின்றது. ஒரு கம்பி நுழைந்து அந்தச் சவ்வைப் பிடித்து இழுத்தபோது குடலும் சேர்ந்து இழுபட்டது. பஸ் பள்ளத்தில் இறங்கும்போது இழுத்துப் பிடிக்கிற வலி இதுதான் என்று பரிபூரணத்துக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. இடது பக்கக் கட்டியை ஓட்டையாக்கியதும் கருப்பட்டிப் பாகு மாதிரி கெட்டியாக, கறுப்பாக வழிந்தது. நிற்கவே இல்லை. நூர்பானு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எத்தன வருஷத்து ரத்தம்" என்றார் வைகுண்டராஜ்.

தங்கபாய் எழுந்து டிவிக்கு ஒரு முழம் தூரத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். கம்பி ஒவ்வொரு புள்ளியாகச் சுட்டு எடுப்பதை, புகை எழும்புவதை, தண்ணீர் விட்டுக் கழுவுவதை அசையாமல் பார்த்தாள். கடைசியில் கேமரா மறுபடி அந்தப் பேரிக்காய்க்கு வந்து நின்றபோது திரும்பி மகனைப் பார்த்தாள். ஐந்து பிள்ளை பெற்றவள்.

"இம்புட்டூண்டுக்குள்ளயா நீ கெடந்த?"

அவர் தலையை ஆட்டினார். அவள் விரலை நீட்டி, கண்ணாடியில் படாமல், அதன் ஓரத்தை ஒருதடவை வரைந்து பார்த்தாள். பிறகு நூர்பானுவிடம், முதலிலிருந்து இன்னொரு தடவை போடு தாயி என்றாள்.

மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால் தங்கபாயைக் காணோம். வாசல் தெளித்திருந்தது, சோறு வடித்திருந்தது, ஆள் இல்லை. கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று பரிபூரணம் நினைத்தாள். பதினோரு மணிவாக்கில் தங்கபாய் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் திரும்பி வந்தாள். கூடவே அவள் தங்கச்சி முத்தாத்தாள்.

முத்தாத்தாளுக்கு ஐம்பத்தாறு வயசு. பத்தொன்பதில் கட்டிக் கொடுத்தார்கள். மாதத்தில் பாதி நாள் படுத்துக் கிடக்கிறாள், வேலைக்கு ஆகமாட்டாள் என்று ஐந்தாம் வருஷம் புருஷன் வீட்டார் பிறந்த வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். பிள்ளையும் இல்லை. பேய் பிடித்திருக்கிறது என்று வேப்பிலையால் அடித்தார்கள். அப்புறம் அக்காள் வீட்டோடு தங்கிவிட்டாள். தீட்டு நின்றபோது வலியும் நின்றது. அதைப்பற்றி அவள் யாரிடமும் பேசுவதில்லை. பரிபூரணம் அந்த வீட்டில் சுருண்டு படுத்த நாட்களில் மட்டும், செங்கல்லை அடுப்பில் காட்டித் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, ஒரு வார்த்தை பேசாமல் அவள் முதுகுக்கு அண்டை கொடுத்துவிட்டுப் போவாள்.

மத்தியானம் மறுபடி நூர்பானு வீட்டில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். இந்தத் தடவை தங்கபாய்தான் தங்கச்சிக்குக் காட்டிக் கொடுத்தாள். இது குடல், இது கொழுப்பு, அந்தா அதுதான் பிள்ளைப்பை, இந்தக் கறுப்பெல்லாம்தான் வலி. முத்தாத்தாள் மடியில் கையைக் கோத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். கறுப்பு ரத்தம் வழிந்தபோது அவள் கை தானாக அடிவயிற்றுக்குப் போயிற்று. கேசட் முடிந்து திரையில் கோடுகள் ஓடின.

"இதுக்குப் பேர் இருக்கா?" என்று கேட்டாள் முத்தாத்தாள்.

பரிபூரணம் சொன்னாள். மதுரையில் டாக்டரிடம் மூன்று தடவை கேட்டு மனசில் பதியவைத்திருந்த பேர். எண்டோமெட்ரியோசிஸ். முத்தாத்தாள் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள், வாயில் நிற்கவில்லை. ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னாள். சின்னத்தைக்கு வாசிக்கத் தெரியாதே என்று பரிபூரணம் தயங்கினாள்.

"தெரியாட்டி என்ன. எழுதிக் குடு. பேய்ன்னாங்க, சோம்பேறின்னாங்க. அதுக்கு நெசப்பேரு எங்கிட்ட இருக்கட்டும்."

நூர்பானு மகளின் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து வந்தாள். பரிபூரணம் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். முத்தாத்தாள் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள், நேராகப் பிடித்துப் பார்த்தாள், எட்டாக மடித்துச் சுருக்குப்பைக்குள் வைத்துக்கொண்டாள். தங்கபாய் தங்கச்சியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வருஷம் அவளோடு ஒரே வீட்டில் இருந்தவள்.

அதற்குப் பிறகு தங்கபாய் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. அது அவளுக்கு வராது. நான்கு வாரம் இருந்தாள். பெருமூச்சு விடாமல் தண்ணீர் எடுத்தாள். காலையும் மாலையும் மருமகளைத் தெருக்கோடி வரை நடக்கவைத்துக் கூட்டி வந்தாள். வழியில் யாராவது, ஆபரேஷன் செய்த மாதிரியே தெரியலையே என்றால் நின்று, உள்ளே எத்தனை இடத்தில் சுட்டு எடுத்தார்கள், எத்தனை கரண்டி கறுப்பு ரத்தம் வந்தது என்று விவரமாகச் சொல்லிவிட்டுத்தான் நகர்வாள். கேட்டவர்கள் இதை எதற்குக் கேட்டோம் என்று ஆகிவிடுவார்கள்.

நவம்பரில், ஒரு சனிக்கிழமை காலையில், ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தீட்டு வந்தது. பரிபூரணம் பத்து நாளாகவே அதற்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். மாத்திரை, வெந்நீர்ப் பை, வாந்திக்கு ஒரு வாளி எல்லாம் கட்டிலுக்கு அடியில் இருந்தன. கதவைச் சாத்திப் படுத்துக்கொண்டு வலி வருவதற்காகக் காத்திருந்தாள். எட்டு மணி ஆயிற்று, பத்து மணி ஆயிற்று. இடுப்பில் லேசாக ஒரு கனம், அவ்வளவுதான். வலி எங்கேயோ தாமதமாகி வந்துகொண்டிருக்கிறது என்றே அவளுக்குத் தோன்றியது. மத்தியானம் பசித்தது. அந்த நாளில் தனக்குப் பசிக்கும் என்பதே அவளுக்குத் தெரியாது. எழுந்து போய்ச் சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

பிள்ளை அதற்குப் பிறகும் பிறக்கவில்லை. மூன்று நான்கு வருஷம் கழித்து வலியும் கொஞ்சம் திரும்பி வந்தது, பழைய மாதிரி இல்லை, பாதி. ஜெயபாய் டாக்டரிடமே போனாள், மருந்து சாப்பிட்டாள், கம்பெனி வேலையை விடவில்லை. ஆனால் அந்த நவம்பர் சனிக்கிழமையையும் அடுத்த நாளையும் அவள் மறக்கவில்லை.

அடுத்த நாள் ஞாயிறு. மழை விட்டிருந்தது. பிளவக்கல் அணை நிறைந்துவிட்டது என்று மில்லில் பேசிக்கொண்டார்கள், போவோமா என்று வைகுண்டராஜ் பயந்து பயந்து கேட்டார். அவள் சரி என்றாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி வத்திராயிருப்பு பஸ் ஏறினார்கள். மழைக்கு ரோடெல்லாம் குண்டும் குழியும். முதல் பள்ளம் வந்தபோது பரிபூரணம் கண்ணை மூடி, முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்தாள். பஸ் இறங்கி ஏறியது. ஒன்றும் இல்லை. இரண்டாவது பள்ளத்துக்குக் கண்ணை மூடவில்லை. அப்புறம் கம்பியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கரையில் ஏறி நின்றபோது மலை முக்கால்வாசி மேகத்துக்குள் இருந்தது. தண்ணீர் மலை அடிவாரம் வரை பரந்து கிடந்தது, காற்று வரும்போது மட்டும் சுருங்கியது.

"வலிக்கா?" என்று கேட்டார் வைகுண்டராஜ்.

"இல்லங்க."

செத்த நேரம் கழித்து மறுபடி கேட்டார். இல்லை என்றாள். அவள் தண்ணீரைப் பார்த்தபடியே, கம்பெனியில் தன்னோடு வரிசையில் உட்கார்ந்திருக்கிற பெண்களை, தெருப் பெண்களை, நாற்று நட்ட மாமியாரை எல்லாம் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாருக்கும் இந்த நாளு இப்பிடி வலியில்லாமத்தான் இருந்திருக்குமாங்க, இத்தன வருஷமும்?"

அவர் அவள் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் நெருங்கி நின்றார். அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஈரக் கரைமேல், மறுகோடி வரைக்கும் நடந்துவிட்டு வருவோம் என்றாள்.